மலையகத் தமிழர் குடியுரிமைப் பறிப்பு

இலங்கை விடுதலை பெற்ற 1948 ஆம் ஆண்டிலேயே நுவரெலியா, அட்டன், பதுளை முதலிய பகுதிகளின் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கத் தொடங்கிய சட்டங்களையும் அவற்றின் விளைவுகளையும் இது குறிக்கும்.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 தொகுதிகளை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் தேர்வாயினர். வேறு தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்கு வலுச் சேர்த்தன. துரைக்கும் கங்காணிக்கும் அடங்கியே, லயங்கள் எனும் வரிசை வீடுகளில் வாழ்ந்த மக்கள் ஆட்சியைத் தீர்மானிக்கக்கூடும் என்ற நிலை டி. எஸ். சேனநாயக்க அரசை உறுத்தியது.

1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எந்த இனத்தையும் பெயர் சொல்லி விலக்கவில்லை. அதன் கொடுமையே அதில்தான் இருந்தது. இங்கே பிறந்த ஒருவர், தம் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததைக் காட்ட வேண்டும். பிறப்புப் பதிவு ஒழுங்காக நடந்திராத தோட்டங்களில் அதற்கான பத்திரத்துக்கு எங்கே போவது? 1949 இன் இந்திய, பாகிஸ்தானியர் சட்டத்தின்கீழ் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. குடியுரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. அதே ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்காளர் இடாப்பிலிருந்து குடியுரிமையற்றோரை நீக்க வழிசெய்தது. 1952 இல் சத்தியாக்கிரகம் நடந்தும் அரசு இறங்கிவரவில்லை. 1953 இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் இச்சட்டங்கள் செல்லும் என்றது.

வாக்கில்லாத இம்மக்கள், தொகுதிகளை வகுக்கும்போது மட்டும் மக்கள்தொகையில் எண்ணப்பட்டனர். அவர்கள் தலைகளால் மலையகத்துக்குக் கிடைத்த ஆசனங்களைக் கண்டிச் சிங்கள வாக்காளரே நிரப்பினர். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மையினரின் பங்கு அவர்களது மக்கள்தொகை விகிதத்தையும் விஞ்சியது.

பழி சிங்களத் தலைமையோடு நிற்பதன்று. 1948 சட்டத்தை எதிர்த்த தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம், அமைச்சரானபின் 1949 சட்டத்தை ஆதரித்தார். அவரிடமிருந்து பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை, அவர்களைக் கேளாமலே பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தலைமன்னார் வழியே கப்பலேறிய குடும்பங்களில் பலர் தமிழகத்தை அதற்குமுன் கண்டதே இல்லை.

நாடற்றவராகவே எஞ்சியோருக்கு 1988, 2003 சட்டங்கள் குடியுரிமை அளித்தன. ஆயினும், லயங்கள் நிற்கும் நிலம் 1992 முதல் பெரும்பாலும் தோட்டக் கம்பனிகளின் பொறுப்பில் உள்ளது. தலைமுறைகளாகக் குடியிருப்போரில் மிகப் பலருக்கு இன்றும் காணி உறுதி இல்லை.