சிறார் சீர்திருத்த இல்லங்கள்: எதை வைத்து மதிப்பிடுவது?

2022 டிசம்பர் இறுதியில், திருட்டு வழக்கொன்றில் பிடிக்கப்பட்டுச் செங்கல்பட்டு அரசுச் சிறார் இல்லத்தில் அடைக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன், ஓரிரு நாட்களில் உயிரிழந்தான். அவனைத் தாக்கியதாக இல்லப் பணியாளர்கள் கைது செய்யப்பட்டனர். அதன் பின்னரே, 2023இல், தமிழக அரசு இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக நியமித்தது. ஓர் உயிர் போன பிறகுதானா மதிப்பீடு என்பதே நமது முதற் கேள்வி.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் காகிதத்தில் வலுவானது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்கிறது பிரிவு 39. 18 வயது நிறைந்து வெளியேறுவோருக்கு நிதியுதவி வழங்க வழிசெய்கிறது பிரிவு 46. ஆய்வுக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் இல்லத்தைப் பார்வையிட வேண்டும் என்கிறது பிரிவு 54. ஆனால் சுதந்திரமான மதிப்பீட்டைப் பற்றிய பிரிவு 55, அரசு அதனைச் செய்ய'லாம்' என்று மட்டுமே கூறுகிறது. கட்டாயம் இல்லாத இடத்தில் கடமை உறங்கிவிடுகிறது.

பயிற்சி பெற்றோரின் எண்ணிக்கை மறுவாழ்வுக்குச் சான்றாகாது. கூர்நோக்கு இல்லத்தில் இருப்போர் விசாரணை முடியாதவர்கள்; சில வாரங்களே தங்கும் சிறுவனுக்கு ஆறு மாதத் தையல் வகுப்பால் பயனில்லை. அவனுக்குத் தேவை, விட்டுவந்த பள்ளியின் தொடர்ச்சி. சிறப்பு இல்லத்தில் மூன்றாண்டு வரை தங்குவோருக்கோ, வெளியில் வேலை பெற்றுத் தரும் தொழிற்கல்வி தேவை. விடுதலையாகி ஓராண்டுக்குப் பின் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதே உண்மையான அளவுகோல்.

சாதியைக் கணக்கில் கொள்ளாத மதிப்பீடும் குறையுடையதே. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சிறைவாசிகளில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர் என்பதை வெளியிடுகிறது. சிறாரைப் பற்றிய அட்டவணைகளிலோ கல்வியும் குடும்பப் பின்னணியும் மட்டுமே உள்ளன. குற்றவாளிகளுடன் சேர நேரிடும் என்ற காரணத்தால் பிணையை மறுக்கப் பிரிவு 12 இடமளிக்கிறது. சேரியும் குடிசைப்பகுதியுமே அக்காரணமாகக் கொள்ளப்படுகின்றனவா என்பதைத் தரவின்றி எவ்வாறு அறிவது? குழந்தையின் பதிவேட்டில் சாதி முத்திரையாக வேண்டாம். பெயரற்ற மொத்தத் தொகையாக வெளிவர வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் நாம் மாவட்டந்தோறும் கேட்கலாம்: கடந்த ஆண்டில் ஆய்வுக் குழு எத்தனை முறை வந்தது? எத்தனை குழந்தைகளுக்குத் தனிப் பராமரிப்புத் திட்டம் உள்ளது? வெளியேறியோரில் எத்தனை பேருக்கு நிதியுதவி கிடைத்தது? குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைப் பிரிவு 74 தடுக்கிறது. ஆகவே எண்ணிக்கையை மட்டும் கேட்போம். அந்த எண்களை மறைக்க எந்தப் பிரிவும் இல்லை.