செயற்கைப் புற்றரையும் 7 பேர்ச் காணியும்

கோல்ப் விளையாட்டில் பந்தை மெல்லத் தட்டிக் குழியில் வீழ்த்துவதற்கென ஒட்டக் கத்தரித்து வைக்கப்படும் புற்றரையை 'பட்டிங் கிரீன்' என்பர். அதனை வீட்டு முற்றத்திலேயே செயற்கைப் புல்லால் அமைத்துக்கொள்ளும் வழக்கம் இன்று பல நாடுகளில் உண்டு. வெப்பமண்டலக் கரையோரங்களில் உப்புக் காற்றும் வெயிலும் மென்புல்லை எளிதில் வாழவிடுவதில்லை. ஆகவே மண்ணை அகழ்ந்து, கல் துகள்களை இட்டு இறுக்கி, மழைநீர் வடியச் சிறு சரிவு வைத்து, அதன்மீது பிளாஸ்டிக் புல்லை விரித்து, இழைகளுக்கிடையே மணலைத் தூவி விடுகிறார்கள். நீரும் வேண்டாம், கத்தரிப்பும் வேண்டாம்.

இதனைப் போலிப் புல் என்று நகைப்போர் உளர். எனக்கோ இதைக் காணும்போதெல்லாம் நமது மலையகத்தின் 'அசல்' புற்றரைகளே நினைவுக்கு வரும். பத்திரிகைப் பணி நிமித்தம் நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் பலமுறை சென்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே நாம் வியந்து நோக்கும் பசுமையிற் பெரும்பகுதி மனிதர் செய்து வைத்ததே.

கோல்ப், ஸ்கொட்லாந்தின் கடலோர மணல்மேடுகளிற் பிறந்த விளையாட்டு. அங்கே குளிர்ந்த கடற்காற்றில் குறும்புல் தானே படர்ந்தது. ஆடுகள் அதனை மேய்ந்து சமன் செய்தன. அந்தக் குளிரைத் தேடியே இலங்கையின் வெள்ளையர் கடற்கரையை விட்டு 6,000 அடி உயரத்துக்கு ஏறினர். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் நுவரெலியாவில் தமக்கு மாளிகை எழுப்பினார். 1848இல் சாமுவேல் பேக்கர் குடியேறிகளையும் மாடுகளையும் பண்ணைக் கருவிகளையும் கொண்டுவந்து, அங்கே ஓர் ஆங்கிலேயக் கிராமத்தையே நிறுவ முயன்றார். ஆயின் பத்தனை நிலத்தின் மண் அவர் எண்ணியது போல் வளமானதாக இருக்கவில்லை. முதல் விளைச்சல் பொய்த்தது. எருவிட்டு மண்ணை மாற்ற வேண்டியதாயிற்று.

1869இல் இலைத் துரு நோய் கோப்பியைத் தாக்கிற்று. அடுத்து வந்த ஆண்டுகளில் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. புகையிரதப் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. அதன்பின் ஐந்தாறு ஆண்டுகளுக்குள், 1890ஆம் ஆண்டையொட்டி, நுவரெலியாவில் கோல்ப் கழகம் தோன்றியது. குழியின் விட்டம் 4.25 அங்குலமாக இருக்கவேண்டும் என்று ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் கழகம் விதித்ததும் அக்காலத்திலேதான், ஆண்டு 1891.

புல் வளராத இடங்களிலும் வெள்ளையர் ஆட்டத்தைக் கைவிடவில்லை. மணலையும் எண்ணெயையும் கலந்து இறுக்கிய தளத்தைப் புற்றரைக்குப் பதிலாக அமைத்தார்கள். பசுமையற்ற அத்தளங்களை 'பிரவுன்' என்று அழைத்தனர். தமிழ்த் தொழிலாளர் ஆயிரமாயிரமாய் நிலத்தடியில் உழைத்த கோலார் தங்கவயலிலும் அத்தகைய தளங்கள் இருந்தன. பிளாஸ்டிக் புல் உலகப் புகழ் பெற்றது 1966இல், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலே. கூரையிட்ட விளையாட்டரங்கில், கண் கூசாதிருக்கக் கூரைக்கு வர்ணம் பூசினர். வெளிச்சமின்றிப் புல் மடிந்தது. செயற்கைப் புல் வந்தது.

ஆக, செயற்கைத் தளத்துக்கும் அசல் புற்றரைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் கூலி பற்றியதே. உயிருள்ள புல்லுக்கு ஓயாத கைகள் வேண்டும். ஹட்டனுக்கு அண்மையிலுள்ள வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. அத்தகைய நிலத்தில் பாசியை அகற்றி, களை பிடுங்கி, நீரை வடியவிட்டு, இடையறாது புல் கத்தரித்தால்தான் தரை தரையாக நிற்கும். தோட்டங்களில் துரையின் பங்களாவைச் சுற்றியிருந்த புற்றரையை அவ்வாறு காத்தவர்கள் யார்? தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியே காட்டுப் பாதையில் நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களே. பங்களாத் தோட்டக்காரனுக்கும் செக்ரோலில் பெயர் விழும். அவன் வளர்த்த புல் அவன் பிள்ளைகள் ஓடி விளையாடுவதற்கன்று.

இங்கே சிறு கணக்கொன்றை வாசகர் முன் வைக்க விரும்புகிறேன். பழைய லயன் அறையொன்றின் வழக்கமான அளவு 10 அடிக்கு 12 அடி. அதாவது 120 சதுர அடி. அதற்குள்ளே ஒரு குடும்பம். கோல்ப் மைதானத்திலுள்ள சாதாரணப் பட்டிங் கிரீன் ஒன்றோ 5,000 முதல் 6,000 சதுர அடி வரை இருக்கும். பதினெட்டுக் குழிகளில் ஒரேயொரு குழியைச் சுற்றியுள்ள புல், நாற்பது ஐம்பது குடும்பங்களின் லயன் அறைகளுக்குச் சமம்.

அந்த மண்ணைக் கேட்கும் உரிமையும் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. 1947 பொதுத் தேர்தலில் நுவரெலியாத் தொகுதியிலேயே சௌமியமூர்த்தி தொண்டமான் வெற்றி பெற்றார். மறு ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. பெரும்பாலான தோட்டத் தமிழர் நாடற்றோராயினர். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கிட்டுப் பங்கு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவதற்கு. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இலேதான்.

2015க்குப் பின்னரே தனி வீடு கட்ட 7 பேர்ச் காணி என்ற பேச்சு செயல்வடிவம் பெறத் தொடங்கியது. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில், இந்திய உதவித் திட்டத்தின்படி, 550 சதுர அடியில் வீடு. இருநூறாண்டு உழைப்புக்கு ஈடாகக் கேட்கப்படும் அந்தக் காணி, ஒரு பட்டிங் கிரீனின் மூன்றிலொரு பங்கு அளவே. பின்னர் வாக்களிக்கப்பட்ட 10 பேர்ச்சும் ஏறக்குறைய அதன் பாதியே.

நான் கோல்ப் விளையாட்டுக்குப் பகைவனல்லன். புற்றரை அழகானதுதான். மலையகத்தில் நிலம் இல்லை என்று அதிகாரிகளும் கம்பனிகளும் கைவிரிக்கும்போது மட்டும் இந்தக் கணக்கை நினைவில் நிறுத்துங்கள். நிலம் எப்போதும் இருந்தது. ஒரு சிறு குழியைச் சுற்றி ஐயாயிரம் சதுர அடியைப் பசுமையாக வைத்திருக்கும் அளவுக்கு இருந்தது. அதனைப் பசுமையாக்கியவர்களின் பெயரில் உறுதி எழுதும்போதுதான் அது சுருங்கிவிடுகிறது.