பர்மா பஜாரும் ஒரு பாஸ்புக்கும்

பர்மா பஜாரில் பேரம் பேசாத சென்னைவாசி குறைவு. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நம் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் கேட்டார்கள்.

1962-ல் ஜெனரல் நே வின் பர்மாவில் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போயின. தலைமுறைகளாக அங்கே வியாபாரம் செய்த தமிழ்க் குடும்பங்கள் அநேகமாக வெறுங்கையோடு கப்பலேறிச் சென்னையில் வந்து இறங்கின. தாயகம் என்றுதான் பெயர். அங்கேயே பிறந்தவர்களுக்கு இது பார்த்தே இராத ஊர்.

பலர் வியாசர்பாடிப் பக்கம் குடியேறினார்கள். கடற்கரை ரயில் நிலையம் அருகே 1969-ல் பர்மா பஜார் வந்தது. (அத்தோ சாப்பிடாதவர்கள் ஒருமுறை அந்தப் பக்கம் போய் வரலாம்.)

வங்கியில் வேலை பார்த்த எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. கடன் என்று வந்தால் நாங்கள் முதலில் கேட்பது ஜாமீன்தாரர், சொத்துப் பத்திரம், உள்ளூர் விலாசம். புதிதாக வந்தவருக்கு இதில் எது இருக்கும்? அதே 1969-ல் இவர்களுக்கென்றே ரெப்கோ வங்கி கூட்டுறவு முறையில் தொடங்கியது. மத்திய அரசும் தென்மாநில அரசுகளும் பங்கு எடுத்தன. முக்கியமாக, தாயகம் திரும்பியவர்களே அதன் உறுப்பினர்கள். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. உதவித்தொகைக்குக் கையேந்தி நிற்பவருக்கும், சொந்தப் பங்கு உள்ள வங்கியில் கடன் கேட்பவருக்கும் கவுண்டரில் நிற்கும் விதமே வேறு.

அதன் தலைமை அலுவலகம் தி.நகரில் இருக்கிறது. நம்மில் சிலருக்கே அதில் டெபாசிட் இருக்கலாம்.