சேலையூர்க் காட்டில் ஓர் உடனுறை கல்லூரி: தாம்பரத்துக் கல்வி வரலாறும் தமிழும்

1. முன்னுரை

கல்வி நிலையங்களின் வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் நிறுவிய ஆண்டினையும், முதல்வர் வரிசையினையும், கட்டடப் பெருக்கத்தினையும் குறித்து அமைவர். கற்பித்தாரும் கற்றாரும் எங்கே உறைந்தனர், எவ்வாறு உண்டனர், எம்மொழியிற் பேசினர் என்பன அவர்தம் ஏடுகளிற் சிறு குறிப்பாய் நின்றுவிடும். ஆயினும் உறைவிடக் கல்லூரியைப் பொறுத்தவரை இவையே வரலாற்றின் உட்பொருளாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937ஆம் ஆண்டு நகரின் நடுவிடத்தை விட்டுத் தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. அப்பெயர்ச்சியின் பின்னணியும், உடனுறைந்து கற்றலால் தமிழ்க் கல்வி பெற்றதும் பெறாததும் ஈண்டு ஆராயப்படும்.

2. உடனுறைந்து கற்கும் மரபு

ஆசிரியனோடு உடனுறைந்து கற்றல் தமிழர்க்குப் புதிதன்று. நன்னூற் பொதுப்பாயிரம் மாணாக்கன் ஆசிரியனை மிக அகலாமலும் மிக அணுகாமலும் தீக்காய்வான்போல் ஒழுகவேண்டும் என்னும் கருத்தினதாகும். அன்றாடம் அருகிருந்து வாழ்வார்க்கன்றி இவ்விதி வேண்டுவதில்லை. உ. வே. சாமிநாதையர் 1871 முதல் 1876 வரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றதும் இவ்வகைக் கல்வியே. ஆசிரியர் சென்ற ஊரெல்லாம் மாணாக்கர்க்குப் பள்ளியாயிற்று.

தனியாசிரியர் ஒருவரைச் சாராது, அறக்கட்டளையாற் பலரை ஒருங்கு வைத்துப் பேணிய நிலையங்களும் இருந்தன. தாம்பரத்திற்குத் தெற்கே, பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு 11ஆம் நூற்றாண்டில் நிலவிய அத்தகைய நிலையம் ஒன்றனை விரித்துரைக்கின்றது. மாணாக்கர் உணவும், முழுக்குக்குரிய எண்ணெயும், இரவு விளக்கும் பெற்றனர். பதினைந்து படுக்கைகளையுடைய வீரசோழன் என்னும் மருத்துவச்சாலையும் உடனிருந்தது. எண்ணாயிரத்துக் கல்வெட்டோ முதலாம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணாக்கர்க்கும் 14 ஆசிரியர்க்கும் செய்த ஏற்பாட்டினைக் கூறும்.

இவற்றைக் கண்டு மகிழ்வார் ஒன்றனை மறத்தலாகாது. அந்நிலையங்களிற் பயிலப்பெற்றவை வேதமும் வடமொழிச் சாத்திரங்களுமே. பயின்றாரும் எல்லா மக்களுமல்லர். தமிழ் பெரும்பாலும் இவற்றின் புறத்தே, தனியாசிரியர் திண்ணைகளிலும் மடங்களிலும் வளர்ந்தது. எனவே, யார் உறைந்தனர் என்பதும், என்ன கற்றனர் என்பதும் உடனுறை கல்வியைப் பற்றி நாம் கேட்கவேண்டிய இரு வினாக்கள் ஆகின்றன.

இவற்றுள் முன்னையது இருபதாம் நூற்றாண்டிலும் தீர்ந்தபாடில்லை. வ. வே. சு. ஐயர் 1922இல் தொடங்கி நடத்திய சேரன்மாதேவிக் குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர்க்குத் தனியே உணவிட்ட செய்தி 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டையே கலக்கியது. வரதராசுலு நாயுடுவும் பெரியார் ஈ. வெ. இராமசாமியும் அதனை எதிர்த்தனர். உடனுறைதல் என்பது உடனுண்ணுதலும் ஆகாதவிடத்து வெறும் சொல்லாய் முடியும் என்பதனை அந்நிகழ்ச்சி நாட்டிற்கு உணர்த்தியது.

3. ஜார்ஜ் டவுனில் நூறாண்டு

ஸ்காட்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் 1837ஆம் ஆண்டு ஆர்மீனியன் தெருவில் 59 மாணாக்கரோடு தொடங்கிய பள்ளியே இக்கல்லூரியின் வித்தாகும். 1862இல் வந்துசேர்ந்த வில்லியம் மில்லர் அப்பள்ளியைக் கல்லூரியாக உயர்த்தினார். 1877இல் அது சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்னும் பெயர் பெற்றது. 1907 வரை முதல்வராய் விளங்கிய மில்லர், வகுப்பறைக்கு வெளியே மாணாக்கர் பொருந்தி வாழும் வாழ்வினைக் கல்வியின் ஒரு பகுதியாகக் கருதியவர். நகரத்திலேயே விடுதிகள் எழுந்தமைக்கு இக்கருத்தே ஏதுவாம். பின்னாளிற் குடியரசுத் தலைவரான இராதாகிருட்டிணன் இக்கல்லூரியிற் பயின்ற காலமும் இதுவே.

ஆயினும் ஜார்ஜ் டவுன் வாணிகக் களம். கல்லூரி வளர வளர இடம் நெருக்கியது. பல்கலைக்கழகக் கல்வியில் உடனுறைதலே சிறந்தது என்னும் கருத்து, 1917 முதல் 1919 வரை பணியாற்றிய கல்கத்தாப் பல்கலைக்கழகக் குழுவின் அறிக்கையால் இந்தியா எங்கும் பரவிற்று. 1929இற் சிதம்பரத்தில் உறைவிடப் பல்கலைக்கழகமாக அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. தாம்பரம் நோக்கிய பெயர்ச்சியினை இக்காலச் சூழலில் வைத்தே காணவேண்டும்.

4. இரு தமிழாசிரியர்

இக்கல்லூரியின் தமிழ் வரலாறு மிகவும் ஒளிபெற்று விளங்கியது தாம்பரத்தில் அன்று, ஜார்ஜ் டவுனில். பரிதிமாற் கலைஞர் எனத் தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்ட வி. கோ. சூரியநாராயண சாத்திரியார் (1870–1903) இங்கே பயின்று, இங்கேயே தமிழாசிரியராய்ப் பணியாற்றினார். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று நிறுவ முற்பட்ட அவர், வகுப்பு நேரத்தின் எல்லையைத் தம் பணிக்கு எல்லையாகக் கொண்டவரல்லர். ஆர்வமுடைய மாணாக்கரைத் தம் இல்லத்திற் கூட்டி, ஊதியம் கருதாது பாடஞ் சொல்லி, அவர்களை இயற்றமிழ் மாணவர் என்று பெயரிட்டு அழைத்தார். பழைய திண்ணைக் கல்வி புதிய கல்லூரிக்குள் நுழைந்த வாயில் இதுவாகும். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தினின்று தமிழை நீக்கும் கருத்து 1902இல் எழுந்தபோது, அங்கே ஆங்கிலம் கற்பித்த மு. சி. பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து அவர் அதனை எதிர்த்தார். முப்பத்து மூன்றாம் ஆண்டிலேயே அவர் மறைந்தமை தமிழ்செய்த தவக்குறையாம்.

அவரோடு உடன்பணியாற்ற 1898இல் வந்தவர் வேதாசலம் என்னும் இயற்பெயருடைய மறைமலையடிகள். முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையும் பட்டினப்பாலை ஆராய்ச்சியுரையும் அவர் கல்லூரியாசிரியராய் விளங்கிய நாளில் எழுந்தவை. இற்றை நாள் ஆராய்ச்சியாளர் பத்துப்பாட்டை ஒரு முழுப்பாட்டாக வைத்து நயங்காணும் முறைக்கு அவை வழிகாட்டின. வகுப்பறையிற் கற்பித்தலும் நூலாராய்ச்சியும் ஒன்றையொன்று வளர்த்தமைக்கு இவை சான்று.

பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திற் கட்டாயமாயிருந்த தமிழ் பின்னர் விருப்பப் பாடமாயிற்று. தமிழ் பயில்வார் தொகை சுருங்கியது. 1911இல் அடிகள் கல்லூரியை விட்டு நீங்கினார். ஆசிரியரின் புலமையும் மாணாக்கரின் அன்பும் குறைவற இருந்தும், விதியொன்று மாறியதும் தமிழுக்கு இடமில்லாது போயிற்று. உடனுறை வாழ்வின் சிறப்பினை மட்டும் பேசுவார் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

5. பல்லாவரமும் தாம்பரமும்

கல்லூரியை விட்ட அடிகள் அதே ஆண்டிற் குடிபுகுந்த ஊர் பல்லாவரம். அங்கே அவர் நிறுவிய சமரச சன்மார்க்க நிலையம் பின்னர்ப் பொதுநிலைக் கழகம் எனத் தூய தமிழ்ப் பெயர் பெற்றது. மகேந்திரவர்மன் குடைந்த குகைக் கோயிலை உடையதும், இராபர்ட் புரூஸ் பூட் 1863இல் பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்ததும் ஆகிய அப்பழம்பதியில் அவர் 1950 வரை வாழ்ந்து, நூல்களைச் சேர்த்தும் எழுதியும் அச்சிட்டும் வந்தார். இருபத்தாறு ஆண்டு கழித்து, அவர் விட்டுவந்த கல்லூரியும் அதே இருப்புப் பாதையில், பல்லாவரத்திற்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள தாம்பரத்தை அடைந்தது. தனியொருவர் அமைத்த தமிழ் நிலையமும், பல திருச்சபைகள் கூடி அமைத்த உடனுறை கல்லூரியும் பதின்மூன்று ஆண்டுகள் அண்டை ஊர்களில் நின்றன. அடிகள் மறைந்தபின் அவர்தம் நூல்கள் மறைமலையடிகள் நூல்நிலையமாக 1958இல் அமைந்த இடம், கல்லூரி நீங்கிய ஜார்ஜ் டவுனிலுள்ள இலிங்கிச் செட்டித் தெருவே. பின்னர் அது கன்னிமாரா நூலக வளாகத்திற்கு மாறியது.

கல்லூரி தாம்பரத்தை நாடியதற்குக் காரணங்கள் வெளிப்படை. சேலையூர்க் காடு அரசின் ஒதுக்குக் காடு; 1930இல் ஏறத்தாழ 390 ஏக்கர் நிலம் கல்லூரிக்குக் கிடைத்தது. 1931இற் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. சௌரிமுத்து என்னும் மருத்துவர் 1928இல் இவ்வூரில் காசநோய் மருத்துவமனை நிறுவினார் என்பதும், இந்நிலப்பகுதியின் காற்று நலமுடையதாகக் கருதப்பட்டமைக்குச் சான்றாம். சுவிட்சர்லாந்து நாட்டவரான ஹென்றி ஷாட்டி கட்டடங்களை வகுத்தார். 1937ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஆளுநர் எர்ஸ்கின் பெருமகனார் புதிய இடத்தைத் திறந்துவைத்தார். பள்ளி தோன்றி அப்போது ஏறத்தாழ நூறாண்டு ஆகியிருந்தது. முட்புதர் மண்டிய நிலத்தில் மரம் வளர்த்த வேதியியற் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸ், அவர்தம் துணைவியார் ஆலிஸ் பார்ன்ஸ் ஆகியோரின் உழைப்பு, இன்றும் அக்காட்டு நிழலில் நடப்பாரின் கண்ணுக்குத் தெரிவது. 1938ஆம் ஆண்டு திசம்பரில் உலகக் கிறித்தவ ஊழிய மன்றத்தின் பேரவை இங்கே கூடியபோது தாம்பரம் என்னும் பெயர் பன்னாட்டுச் சமய நூல்களில் ஏறிற்று.

6. விடுதி வாழ்க்கை

தொடக்கத்தில் எழுந்த விடுதிகள் மூன்று: சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால். இப்பெயர்களே ஒரு வரலாறு கூறும். முதலாவது நிலத்துக்குரிய ஊரின் பெயர். இரண்டாவது, அண்மையிலுள்ள பரங்கிமலையோடு மக்கள் இயைத்துக் கூறும் திருத்தொண்டரின் பெயர். மூன்றாவது, 1826இல் திருச்சிராப்பள்ளியில் மறைந்த ஆங்கில ஆயரின் பெயர். ஊரும் மரபும் ஆட்சியும் ஒரு வளாகத்தில் அடுத்தடுத்து நின்றன. பெண்களுக்கென மார்ட்டின், மார்கரெட், பார்ன்ஸ் என்னும் விடுதிகள் பின்னர் அமைந்தன.

ஒவ்வொரு விடுதிக்கும் காப்பாளராகப் பேராசிரியர் ஒருவர் உண்டு. மாணாக்கர் தம்முள் செயலரைத் தேர்ந்தெடுப்பர். விடுதி நாள் விழாவும் விளையாட்டும் சொற்போரும் அவர்தம் பொறுப்பில் நடைபெறும். சமயமும் சாதியும் ஊரும் வேறான இளைஞர் ஒரே கூரையின்கீழ் இருத்தலும், தம் காரியத்தைத் தாமே வாக்களித்து நடத்தலும், எண்ணாயிரமோ சேரன்மாதேவியோ தராத பயிற்சியாகும். நாம் முன்னர் எழுப்பிய முதல் வினாவுக்கு இவ்விடுதிகள் தக்க விடையளித்தன என்றே கூறவேண்டும்.

இரண்டாம் வினாவுக்கு விடை அத்துணை எளிதன்று. தமிழகத்தோடு கேரளத்தினின்றும் பிற மாநிலங்களினின்றும் மாணாக்கர் வந்து கூடியபோது, அவரெல்லார்க்கும் பொதுவாய மொழி ஆங்கிலமே ஆயிற்று. வளாகத்தின் வேலிக்கு அப்பாற் சேலையூர் மக்கள் பேசிய தமிழ் விடுதிக் கூடத்திற் பொதுமொழியாதல் அரிதாயிற்று. 1962இல் முதல் இந்திய முதல்வராய்ப் பொறுப்பேற்ற சந்திரன் தேவநேசன் காலத்திற் கல்லூரியின் தலைமை இந்நாட்டவர் கைக்கு வந்தது. 1978இல் கல்லூரி தன்னாட்சி பெற்றது. தன்னாட்சியின் பயனாகப் பாடத்திட்டம் வகுக்கும் உரிமை கல்லூரியிடமே சேர்ந்தமை, 1911இன் நிகழ்ச்சியை எண்ணுவார்க்குச் சிறப்பாகக் குறிக்கத்தக்கது. வெளியிலிருந்து வரும் விதி மாற்றத்தால் மட்டும் ஒரு தமிழாசிரியர் வெளியேற வேண்டிய நிலை அதன்பின் பெரிதும் குறைந்தது எனலாம்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. ஒன்று, உடனுறை கல்வி தமிழ்நாட்டில் பழமையது எனினும், எல்லார்க்கும் உரியதாய் அது விரிந்தது அண்மைக் காலத்திலேயே. இரண்டு, அவ்விரிவுக்குத் தாம்பரத்து விடுதிகள் ஒரு சிறந்த எடுத்துக்காட்டு. மூன்று, ஒருங்குறைதல் தானாகவே ஒரு மொழியை வளர்ப்பதன்று. பரிதிமாற் கலைஞர் இல்லத்திற் கூடிய இயற்றமிழ் மாணவர்க்கு விடுதியும் இல்லை, காடும் இல்லை. இருந்தன ஆசிரியரின் விருப்பமும் மாணாக்கரின் வேட்கையுமே. பரந்த வளாகமும் தன்னாட்சியும் வாய்த்த இந்நாளில், அவ்விரண்டும் அங்கே சேருமாயின் விளையும் பயன் பெரிது.

கல்லூரிகளின் வரலாற்றைத் தமிழ்த்துறையினர் தாமே எழுதவேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். முதல்வர்தம் ஆங்கில அறிக்கைகளில் ஒரு வரியாய் முடியும் தமிழாசிரியர் பதவி விலகல், நம் இலக்கிய வரலாற்றில் ஓர் இயக்கத்தின் தொடக்கமாய் நிற்றல் கூடும். பல்லாவரம் அதற்குச் சான்று. ஏனைய பழங்கல்லூரிகளின் தமிழ்த்துறைப் பதிவேடுகளையும் இந்நோக்கில் ஆராய்வது இளைய ஆராய்ச்சியாளர் கடனாகும்.