திப்புவும் இரட்டைக்குழல் துப்பாக்கியும்

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் ஜமீன்தார் வீடு என்றால் சுவரில் ஒரு மான் தலை இருக்கும். அதற்குப் பக்கத்தில் கட்டாயம் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி தொங்கும். ஒற்றைக்குழல் தொங்கினால் அவர் ஜமீன்தாரே இல்லை :-) இரண்டு குழல் என்றாலே நமக்கு ஏதோ ஒரு கெத்து.

வேட்டைத் துப்பாக்கியில் இரண்டு குழல் இருப்பதிலாவது நியாயம் உண்டு. கையில் பிடிக்கும் பிஸ்டலிலேயே இரண்டு குழல் வைத்துச் செய்தார்கள் தெரியுமா? கனம் அதிகம், இடுப்பில் செருகினால் குத்தும், சுட்டால் மணிக்கட்டு போய்விடும். இருந்தும் இத்தாலியில் பெடர்சோலி என்ற கம்பெனி இந்தக் காலத்திலும் அதன் நகல்களைச் செய்து விற்கிறது. என்னதான் அப்படி ஒரு கவர்ச்சி என்று யோசித்தபோது, கதை நான் பிழைப்புக்கு வந்திருக்கும் இந்தப் பெங்களூருக்கே வந்து சேர்ந்தது.

முதலில் கொஞ்சம் தொழில்நுட்பம் (பயப்பட வேண்டாம், ரொம்பச் சுருக்கமாகத்தான்).

18ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கியில் தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாக வெடிமருந்தையும் குண்டையும் போட்டுக் கோலால் கெட்டிக்க வேண்டும். குதிரை என்று சொல்லும் பாகம் ஒரு சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்வியிருக்கும். விசையை அழுத்தினால் அது இரும்புத் தகட்டில் உரசிப் பொறி பறக்கும். பொறி கிண்ணத்தில் இருக்கும் மருந்தில் விழ வேண்டும், அங்கிருந்து சின்ன ஓட்டை வழியாக உள்ளே நெருப்புப் போக வேண்டும். மழைத்தூறல், ஈரம், தேய்ந்த கல் என்று ஏதாவது ஒன்று சதி செய்தால் "டிக்" என்ற சத்தம் மட்டும்தான் மிஞ்சும். நன்றாகப் பழகிய சிப்பாயே நிமிடத்துக்கு மூன்று முறைதான் சுடுவான். எதிரி பத்தடியில் நிற்கும்போது இருபது விநாடி என்பது ஒரு ஆயுள்.

அதனால்தான் இரண்டாவது குழல். நம் மென்பொருள் பாஷையில் சொன்னால் பேக்கப். ஒன்று காலை வாரினால் இன்னொன்று.

இந்த யோசனை ரொம்பப் பழசு. 1540களில் மியூனிக்கில் பீட்டர் பெக் என்ற கைவினைஞர் பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு ஒரு இரட்டைக்குழல் பிஸ்டல் செய்து கொடுத்தார். அவர் கடிகாரமும் செய்பவர். நியூயார்க்கில் இருக்கும் நண்பர்கள் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குப் போனால் அதைப் பார்க்கலாம். எடை சுமார் இரண்டரைக் கிலோ! அரிசிப் பையைத் தூக்கிக் குறி பார்ப்பது மாதிரி.

இந்தியாவுக்கென்றே ஒரு வகையும் உருவானது. 19ஆம் நூற்றாண்டில் யானை மேல் அம்பாரியில் உட்கார்ந்து புலி வேட்டை ஆடிய வெள்ளைக்கார துரைமார்கள் வைத்திருந்த பெரிய வாய் கொண்ட பிஸ்டல். அதன் ஆங்கிலப் பெயரே அம்பாரித் துப்பாக்கி என்றுதான் வரும். அடிபட்ட புலி யானை மேல் பாய்ந்து ஏறினால் நீளத் துப்பாக்கியைத் திருப்ப இடம் இருக்காது. அந்த ஒரு நொடிக்காக இது. பெரும்பாலானவர்களுக்கு அந்த நொடி வந்திருக்கவே வந்திருக்காது. பிறகு கனமான ரிவால்வர்கள் வந்தன, இதன் கதை முடிந்தது.

சரி, பெங்களூருக்கு வருவோம்.

திப்பு சுல்தான் பிறந்த தேவனஹள்ளி இப்போது நாமெல்லாம் விமானம் பிடிக்க ஓடும் ஊர். அவருடைய பட்டறைகள் ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூர், சித்ரதுர்கா, பிதனூர் என்று பல இடங்களில் இருந்தன. 1788இல் பிரான்ஸுக்கு அவருடைய தூதர்கள் போய்ப் பதினாறாம் லூயி மன்னரைப் பார்த்தார்கள். படை உதவியோடு அவர்கள் கேட்டது துப்பாக்கி, கடிகாரம், கண்ணாடி செய்யும் கைவினைஞர்களை. மனிதருக்கு இயந்திரங்கள் மேல் அப்படி ஒரு பித்து.

அந்தப் பித்தின் உச்சத்தை 2015 ஏப்ரலில் லண்டன் போனம்ஸ் ஏலத்தில் பார்த்தார்கள். 1793-94இல் சையது மாசூம் என்பவர் திப்புவுக்காகச் செய்த வேட்டைத் துப்பாக்கி அது. இதில் குழல் ஒன்றுதான், ஆனால் சிக்கிமுக்கி விசை இரண்டு! ஒரே குழலுக்குள் ஒரு குண்டு, அதன் மேல் இன்னொரு குண்டு. முன்னால் இருப்பதை முதலில் சுட வேண்டும், பின்னால் இருப்பதை அடுத்து. வரிசை மாறினாலோ, நெருப்பு இடுக்கில் பின்னுக்குக் கசிந்தாலோ, குழல் வெடித்துச் சுடுபவர் கதி அதோகதி. இரட்டைக்குழலின் கனத்தைக் குறைக்க எடுத்த துணிச்சல் இது. ஏலத்தில் 7 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது.

அவருடைய பிஸ்டல் ஜோடிகளிலும் ஒரு விளையாட்டு உண்டு. ஒன்றில் விசை வலப்பக்கம், மற்றதில் இடப்பக்கம், கண்ணாடியில் பார்த்தது மாதிரி. வெள்ளி வேலை, புலி முகம், புலி வரி எல்லாம் தனி.

இவ்வளவும் இருந்து என்ன? 1799 மே 4 அன்று கோட்டைச் சுவர் உடைந்தபோது திப்பு எப்படிச் சண்டை போட்டார் தெரியுமா? பணியாட்கள் மருந்து கெட்டித்து ஒவ்வொன்றாகக் கையில் தரத் தர, வாங்கி வாங்கிச் சுட்டார் என்கின்றன ஆங்கிலேயர்களின் குறிப்புகள். எனக்கு இந்த விஷயம் அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது குழல் என்பது பக்கத்தில் நின்று துப்பாக்கி நிரப்பிக் கொடுக்கும் அந்த ஆள்தான். அவனையே இரும்பில் செய்து கையில் வைத்துக் கொள்ளும் ஆசைதான் இரட்டைக்குழல். தனியாக மாட்டிக் கொண்டாலும் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது என்ற தைரியம்.

ஜெயித்தது என்னவோ அலங்காரமே இல்லாத ஒற்றைக்குழல் மஸ்கட். ஒன்று போலவே ஆயிரக்கணக்கில் செய்த துப்பாக்கி. எவர் கையில் கொடுத்தாலும் வேலை செய்யும். சரி, அது யார் கையில் இருந்தது? ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரிலிருந்து கிளம்பியது. அதில் மதராஸ் படையின் சிப்பாய்கள் ஏராளம், நம் ஊர்க்காரர்கள். கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதும் அதே 1799இல், அதே கம்பெனிதான். 1809இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த படை பெங்களூருக்கு இடம் மாறியது. அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் வேர்விட்டது அந்தக் கண்டோன்மென்ட்டின் பின்னால்தான். ஐ.டி. வேலைக்கு வந்த நமக்கும் முன்னால் வந்தவர்கள், மஸ்கட்டைத் தோளில் சுமந்து வந்தவர்கள்.

அதற்காகப் பட்டறைப் பித்து வீண் என்று சொல்லிவிட முடியாது. இரும்புக் குழாயில் மருந்து அடைத்த ராக்கெட்டும் மைசூர்ப் பட்டறைகளில்தான் பக்குவப்பட்டது. கம்பெனிக்காரர்கள் அதை இங்கிலாந்துக்குக் கொண்டு போக, காங்கிரீவ் அதைப் பார்த்துத் தன் ராக்கெட்டைச் செய்து 1807இல் கோபன்ஹேகனைக் கொளுத்தினார். 2018இல் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட்டுகள் கிடைத்தன. உருப்படாத யோசனை எது, உலகம் காப்பியடிக்கும் யோசனை எது என்று செய்யும்போதே யாருக்கும் தெரிவதில்லை.

விடுமுறையில் குழந்தைகளைக் கூட்டிக் கொண்டு கே.ஆர். மார்க்கெட் பக்கத்துக் கோட்டைக்கு ஒரு நடை போய் வாருங்கள். 1791இல் கார்ன்வாலிஸின் படை உடைத்து நுழைந்த இடத்தில் கல்வெட்டு இருக்கிறது. திப்புவைப் பற்றியும் கார்ன்வாலிஸைப் பற்றியும் பாடப் புத்தகமே சொல்லிவிடும். துப்பாக்கியில் பெயர் பொறித்ததால் சையது மாசூமும் பிழைத்துக் கொண்டார். மஸ்கட் தூக்கிய வேலூர்க்காரனுக்கும், கடைசி வரை மருந்து கெட்டித்துக் கொடுத்த பணியாளுக்கும்தான் கல்வெட்டு இல்லை. அவர்களைப் பற்றி நாம்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.