மூடிய பல்லக்கு.. விலகும் திரை! 'பொன்னியின் செல்வன்' கதைக்கு காமிக்ஸ் அட்டையும் அனிமேஷன் பக்கமும் உருவாக்குவது எப்படி?

நள்ளிரவு. கடம்பூர் மாளிகை. சுந்தர சோழருக்குப் பிறகு யாருக்குப் பட்டம் என்று சிற்றரசர்கள் ரகசியமாகக் கூடிப் பேசுகிறார்கள். பக்கத்தில் ஒரு மூடிய பல்லக்கு. உள்ளே இருப்பது பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினி என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திரை விலகுகிறது. வெளியே வருவது நந்தினி அல்ல, இளவரசர் மதுராந்தகர்! ஒளிந்திருந்து இதைப் பார்த்துவிடுகிறான் வந்தியத்தேவன்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் மறக்காத காட்சி இது. இதையே காமிக்ஸாக வரையச் சொன்னால் என்ன செய்வது? மதுராந்தகரை அட்டையிலேயே போட்டுவிட்டால் கதையின் முதல் பெரிய திருப்பம் அங்கேயே காலி. அனிமேஷன் பக்கத்தில் எல்லாவற்றையும் அசைய விட்டால், திரை விலகும் அந்த ஒரு நொடி கண்ணிலேயே படாது. எதை மறைப்பது, எதை அசைப்பது? இந்த இரண்டு கேள்விகளுக்குத்தான் முதலில் விடை தேட வேண்டும்.

கதையை யார் வேண்டுமானாலும் எடுக்கலாமா?

இந்தியச் சட்டப்படி ஒரு நூலின் காப்புரிமை, எழுத்தாளர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். எனவே 2014-ம் ஆண்டு முடிவோடு அவருடைய எழுத்துக்கான காலம் முடிந்துவிட்டது. கதையை எடுத்து காமிக்ஸாக்கத் தடை இல்லை.

ஆனால் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'கல்கி' இதழில் தொடராக வந்தபோது ஓவியர் மணியம் வரைந்த படங்களுக்கான உரிமைக் கணக்கு தனி. கதை பொதுவுக்கு வந்துவிட்டதால் படங்களும் வந்துவிட்டன என்று அர்த்தம் இல்லை. பின்னாளில் வந்த மொழிபெயர்ப்புகளுக்கும், 2022, 2023-ல் வெளியான திரைப்படங்களுக்கும் இது பொருந்தும். படத்தில் பார்த்த நடிகரின் முகத்தையே வந்தியத்தேவனுக்கு வைப்பது சுலபமாகத் தோன்றும். செய்யாதீர்கள். நாவலைத் திறந்து, கல்கி எழுதியதிலிருந்து உங்கள் முகத்தை நீங்களே உருவாக்குவதுதான் சரி.

அட்டைக்கு எந்தக் காட்சி?

பெரும்பாலானோருக்கு முதலில் தோன்றுவது நாவலின் தொடக்கம்தான். ஆடிப் பதினெட்டாம் பெருக்கு, வீரநாராயண ஏரிக்கரை, குதிரையில் வந்தியத்தேவன். அழகான காட்சி, சந்தேகமே இல்லை. ஆனால் கதை தெரியாத ஒருவர் பார்த்தால், ஓர் இளைஞன் குதிரையில் போகிறான், அவ்வளவுதான். 'அப்புறம் என்ன?' என்று கேட்க வைக்காது.

மூடிய பல்லக்கு அப்படி அல்ல. முன்னால் பெரிதாகப் பல்லக்கு, தீவட்டி வெளிச்சத்தில் அதன் திரை, பின்னால் பழுவூர் பனைமரக் கொடி, மேலே இருட்டில் ஒரு மூலையில் எட்டிப்பார்க்கும் இரண்டு கண்கள். யார் உள்ளே? யார் ஒளிந்திருப்பது? இரண்டு கேள்விகள் ஒரே படத்தில். வானத்தில் கதையில் வரும் வால் நட்சத்திரத்தையும் சேர்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். மூன்றாவதாக ஒன்று வந்தால் பார்வை சிதறிவிடும். அதை அடுத்த இதழ் அட்டைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வரைந்த அட்டையைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் பல்லக்கு பல்லக்காகத் தெரிந்தால் அட்டை தேறிவிட்டது. இன்று பலர் அட்டையை முதலில் பார்ப்பது கடையில் அல்ல, செல்போன் திரையில்.

காலத்தில் கோட்டை விடாதீர்கள்

கதை நடப்பது 10-ம் நூற்றாண்டின் பிற்பகுதி. தஞ்சை என்றதும் கை தானாகப் பெரிய கோயில் விமானத்தை வரையப் போகும். ஆனால் அந்தக் கோயில் கட்டி முடிக்கப்பட்டது 1010-ல். கட்டியவர் ராஜராஜன், அதாவது இந்தக் கதையில் இளைஞனாக வரும் அருள்மொழிவர்மன். சுந்தர சோழர் காலத்துத் தஞ்சையில் அது கிடையாது!

கடம்பூர் விருந்து இலையில் மிளகாய் வைத்தாலும் தப்பு. மிளகாய் நம் நாட்டுக்கு வந்தது போர்த்துகீசியர்களுக்குப் பிறகுதான். அப்போதைய காரம் மிளகு. ஆடை, நகை, கொண்டைக்கு எதைப் பார்ப்பது? சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்க்கலாம். பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் 1931-ல் கண்டறியப்பட்ட சோழர் ஓவியங்கள் இன்னொரு நல்ல வழிகாட்டி.

அளவும் எழுத்தும்

அச்சுக்குப் போகும் அட்டை என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருக்க வேண்டும். வண்ணம் சிஎம்ஒய்கே முறையில் இருக்கட்டும். வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்க, நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைய வேண்டும். திரைக்கு மட்டும் என்றால் ஆர்ஜிபி போதும்.

தலைப்புக்கான இடத்தை முதல் பென்சில் வரைவிலேயே ஒதுக்கிவிடுங்கள். கடைசியில் ஒட்டினால் யாராவது ஒருவரின் தலை மறையும்.

தமிழுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. நம் சொற்கள் நீளமானவை. ஆங்கில காமிக்ஸைப் பார்த்துப் போட்ட வசனக் குமிழியில் தமிழ் வசனம் அடங்காது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் போட்டுக் கத்துவதைக் காட்டுவார்கள். நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடே இல்லை. அதனால் எழுத்தின் தடிமன், அளவு, குமிழியின் வடிவம் ஆகியவற்றால்தான் குரலைக் காட்ட முடியும். முதலில் பேசுபவர் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அனிமேஷன் பக்கம் என்றால் என்ன?

இது கார்ட்டூன் படம் அல்ல. கட்டங்களும் வசனக் குமிழிகளும் அப்படியே இருக்கும். சில பகுதிகள் மட்டும் அசையும். சினிமாவில் ஒரு காட்சி எவ்வளவு நேரம் என்பதை இயக்குநர் முடிவு செய்கிறார். காமிக்ஸில் அதை முடிவு செய்வது வாசகர். ஒரு கட்டத்தில் அவர் ஒரு நொடியும் நிற்கலாம், ஒரு நிமிடமும் நிற்கலாம். கட்டங்கள் தானாக ஓடினால் அந்த உரிமை பறிபோகிறது. படித்து முடிப்பதற்குள் வசனம் மறைந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? எனவே அடுத்த கட்டம் வாசகர் விரலால் தொட்டால் மட்டுமே வரட்டும்.

நம் பக்கத்தை ஐந்து கட்டங்களாகப் பிரிக்கலாம்.

1. மாளிகை முற்றம் முழுவதும். தீவட்டிச் சுடர் மட்டும் அசைகிறது.
2. சிற்றரசர்களின் முகங்கள். அசைவு இல்லை.
3. ஒளிந்திருக்கும் வந்தியத்தேவனின் கண்கள். ஒரே ஒரு இமைப்பு.
4. பல்லக்கு. எதுவும் அசையாது, சுடர்கூட இல்லை.
5. திரையை ஒரு கை பற்றுகிறது. திரை மெல்ல விலகத் தொடங்குகிறது.

மதுராந்தகர் அடுத்த பக்கத்தில்தான் வருவார். நான்காவது கட்டம் உறைந்து நிற்பதால்தான் ஐந்தாவதில் திரை அசையும்போது நெஞ்சு படபடக்கும். அச்சுப் புத்தகம் என்றால், இந்தப் பக்கம் வலப்புறம் அமைய வேண்டும். தாளைப் புரட்டினால்தான் விடை தெரியும்.

வரையும்போது கவனிக்க வேண்டியவை

அசையப்போகும் எல்லாவற்றையும் தனித்தனி அடுக்கில் வரைய வேண்டும். திரை விலகினால் பின்னால் தெரியும் இருட்டையும் முன்கூட்டியே வரைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே வெறும் ஓட்டைதான் இருக்கும். அனிமேஷனில் நொடிக்கு 24 பிரேம்கள் என்பது வழக்கம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படங்கள் போதும். தீவட்டிச் சுடருக்கு ஏழெட்டுப் படங்களைத் திரும்பத் திரும்ப ஓட விட்டாலே உயிர் வந்துவிடும். கிரிட்டா, பிளெண்டர் போன்ற இலவச மென்பொருள்களிலேயே இதைச் செய்யலாம்.

ஜிஃப் கோப்பு 256 வண்ணங்களை மட்டுமே தாங்கும். இருட்டும் சுடரும் கலக்கும் இடம் அதில் திட்டுத்திட்டாகத் தெரியும். எம்பி4 வீடியோவாக ஏற்றுமதி செய்வது நல்லது. வெளிச்சம் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது என்கிறது இணைய அணுகல் வழிகாட்டுதல். சிலருக்கு அதனால் வலிப்பு வரும் ஆபத்து உண்டு. ஐந்து நொடிக்கு மேல் தானாக ஓடும் அசைவு என்றால், நிறுத்த ஒரு பொத்தானும் வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை

'பொன்னியின் செல்வன்' படிக்காத ஒருவரிடம் அட்டையைக் காட்டுங்கள். எதையும் விளக்க வேண்டாம். "உள்ள யாரு?" என்று அவர் கேட்டால் அட்டை சரி. அடுத்து அனிமேஷன் பக்கத்தைக் கொடுங்கள். ஐந்தாவது கட்டத்தில் அவர் விரல் தானாக அடுத்த பக்கத்தைத் தேடினால், பக்கமும் சரி. "நெருப்பு சூப்பரா இருக்கு" என்று மட்டும் சொன்னால், சுடரைக் கொஞ்சம் அடக்கிவிட்டு மறுபடியும் முயற்சி செய்யுங்கள்!