கத்தரிக்கோல்காரரின் சிரிப்பு

அசோகமித்திரனிடம் அரசியல் கிடையாது என்று தோழர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 'மனுஷன் நல்லா எழுதுறார், ஆனா சும்மா சிரிச்சிட்டுப் போயிடுறார்' என்பது வழக்கமான தீர்ப்பு. எனக்கு இதில் உடன்பாடில்லை. அவருடைய சினிமா நினைவுகள், புத்தக அபிப்பிராயங்கள், சிரிக்கவைக்கும் சிறுகதைகள் மூன்றையும் தனித்தனி அலமாரியில் வைப்பதால் வரும் கோளாறு இது. சேர்த்து வாசித்தால், நட்சத்திரம், கட்சி, தலைவர் என்றே எழுதப்பட்டுவந்த தமிழ் சினிமா வரலாற்றில் விடுபட்டுப்போன ஒன்று கண்ணில் படுகிறது: வேலை செய்தவர்கள்.

1952இல் செகந்திராபாத்திலிருந்து சென்னைக்கு வந்தவர், 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் இருந்தார். பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது அவர் வேலை. பார்க்கிறவர்களுக்கு அது வேலையாகவே தெரியவில்லை. அதனால் ஆளுக்கு ஆள் அவர் அறைக்குள் வந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவரும் கேட்டுக்கொண்டார்.

2002இல் ஆங்கிலத்தில் நூலாக வந்த அவரது ஜெமினி நினைவுகளில் மேக்கப் அறை வருகிறது. தலைமை ஒப்பனைக்காரர் கதாநாயகனுக்கு; மூத்த உதவியாளர் இரண்டாம் நாயகனுக்கு; இளையவர் காமெடியனுக்கு. கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர்களுக்கோ ஆபீஸ் பையன், பெரிய பாத்திரத்தில் வர்ணம் கலக்கி, சுவருக்குப் பூசுவதுபோல அப்பிவிடுவார். 'பையன்' என்றால் வயது நாற்பதைத் தாண்டியவர்! சிரிப்பு வருகிறது. ஆனால் ஒரு தொழிற்சாலையின் படிநிலையை, யார் முகத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை, இதைவிடச் சுருக்கமாக எந்தச் சமூகவியல் கட்டுரை சொல்லியிருக்கிறது? இந்தப் பகுதி 12ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்றது. பிள்ளைகள் அதை நகைச்சுவை என்று படித்தார்கள்.

அரசியல் எங்கே என்று கேட்பவர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். 1950களில் ஓர் ஆங்கிலக் கவிஞர் ஜெமினிக்கு வந்து பேசினார். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. தமிழ்ப் படம் எடுக்கும் இடத்தில் ஆங்கிலக் கவிஞருக்கு என்ன வேலை என்பதும் விளங்கவில்லை. வேலையை விட்ட பிறகு, கையில் காசு குறைவு, நேரம் நிறைய. மவுண்ட் ரோடு தபால் நிலையத்துக்கு எதிரே நடைபாதையில் 50 பைசாவுக்கு ஒரு புத்தகம் வாங்குகிறார்: கம்யூனிசத்தை நம்பிப் பின் விலகிய 6 எழுத்தாளர்களின் கட்டுரைகள், 1949இல் முதலில் வந்தது. ரஷ்யப் புரட்சியின் 50ஆவது ஆண்டையொட்டி வந்த மலிவுப் பதிப்பு. ஆறு பேரில் ஒருவர் ஸ்டீபன் ஸ்பெண்டர். அட, அன்றைக்கு வந்தவர் இவர்தான்! முதலாளி எஸ்.எஸ். வாசனுக்கு இவருடைய கவிதையில் அக்கறை இருந்திருக்காது, தோற்றுப்போன கடவுள் பற்றிய பேச்சில்தான் இருந்திருக்கும் என்று முடிக்கிறார் அசோகமித்திரன். ஸ்டூடியோ நினைவு, புத்தக அபிப்பிராயம், நகைச்சுவை மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

இதோடு 1967இன் ஒரு செய்தியைச் சேர்த்துப் பாருங்கள். ஸ்பெண்டர் ஆசிரியராக இருந்த 'என்கவுண்டர்' இதழுக்கு அமெரிக்க உளவுத்துறையின் பணம் வந்தது அம்பலமாகி, அந்த ஆண்டில்தான் அவர் விலகினார். பனிப்போரின் பண்பாட்டுக் கிளை மவுண்ட் ரோடு வரை நீண்டிருந்ததை, கத்தரிக்கோல் பிடித்த ஒரு ஊழியர் சிரித்துக்கொண்டே தொட்டுக் காட்டிவிட்டார்.

'புலிக்கலைஞன்' கதையில் டகர் பாயிட் காதர் ஸ்டூடியோவுக்கு வேலை கேட்டு வருகிறான். அவன் பெயரைக் கேட்டதும் சிரிக்கிறோம். அவன் புலியாகிக் காட்டியதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. பிறகு அவனுக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வருகிறது. கலை இருக்கிறது, கலைஞனுக்கு விலாசம் இல்லை. மேக்கப் அறையில் வர்ணம் அப்பப்பட்ட கூட்டத்திலிருந்து ஒருவனைப் பிரித்து எடுத்துப் பார்த்த கதையாகவே இதை வாசிக்கிறேன்.

சிரிப்பு சங்கம் கட்டாது, வாஸ்தவம். காதருக்காக அந்தக் கதையில் யாரும் கொடி பிடிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருப்பவனின் எல்லை அது; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சங்கம் கட்டப் போகிறவர்களுக்கும் ஒரு கணக்கு வேண்டும்: யார் யாருக்கு அரிதாரம் பூசினார்கள், யாருடைய கடிதம் திரும்பி வந்தது என்று. அந்தக் கணக்கை எழுதிவைத்தவரை 'அரசியல் இல்லாதவர்' என்று தள்ளினால் நஷ்டம் நமக்குத்தான்.